130 லிட்டர் டிக்கி

ஸ்போர்ட்ஸ் காரை வடிவமைப்பவர்கள் டிக்கியைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள். முதல் மரியாதை எஞ்சினுக்கு. அடுத்து ஓட்டுகிறவருக்கும் பக்கத்தில் உட்காருகிறவருக்கும். பிறகு பெட்ரோல் டேங்க், சைலன்சர், மடங்கிப் படுக்கும் கூரை. இவையெல்லாம் பந்தியில் உட்கார்ந்த பிறகு பாத்திரத்தின் அடியில் மிஞ்சுவதுதான் மூட்டை முடிச்சுக்கு. எங்கள் மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் அப்படி மிஞ்சியது 130 லிட்டர். அதற்குள் இரண்டு பேருடைய துணிமணி, மருந்து, செருப்பு, ஒரு குட்டி ரைஸ் குக்கர் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி மத்தியதரைக் கடல் வரை போய்வந்தோம். மலையைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் பைகளைப் பற்றி எழுதுகிறேன்.

காரை வாங்கியது நான்தான். பிள்ளைகள் இருவரும் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு, ஏழு இருக்கை வண்டியில் நான் ஒருத்தி மட்டும் அலுவலகம் போய்வந்துகொண்டிருந்தேன். லண்டனுக்கு மேற்கே நாங்கள் இருக்கும் ஊரில் வெயில் எட்டிப் பார்க்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், கூரையை மடக்கிவிட்டுப் போகும் சின்னக் கார்களைப் பார்க்கும்போதெல்லாம் ஓர் ஆசை கிளம்பும். எம்எக்ஸ்-5 முதன்முதலில் 1989-ல் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமானது. அறுபதுகளின் இங்கிலாந்து ரோட்ஸ்டர்களின் மனசை எடுத்துக்கொண்டு, அவற்றின் எண்ணெய் ஒழுகலை விட்டுவிட்டு ஜப்பானியர்கள் செய்த வண்டி. 2016-ல் பத்து லட்சமாவது வண்டி ஆலையிலிருந்து வெளிவந்தது. நான் வாங்கியது 2015-ல் தொடங்கிய நான்காவது தலைமுறை. முன்பு வேறொருவர் ஓட்டியது. நீளம் நாலு மீட்டருக்கும் குறைவு, எடை ஏறத்தாழ ஒரு டன்.

என் கணவர் அதன் டிக்கியைத் திறந்தார், குனிந்து பார்த்தார், மூடினார். "ஏம்மா, இதுல நாம போறோமா, நம்ம பெட்டி போகுதா? ரெண்டும் சேந்து போறதுக்கு வழியில்லையே" என்றார். அவர் தணிக்கையாளர். எதைப் பார்த்தாலும் வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம்.

திட்டம் இதுதான். போக்ஸ்டனில் காரோடு ரயிலில் ஏறினால் 35 நிமிடத்தில் கடலுக்கடியிலே போய்க் கலே. அங்கிருந்து ரீம்ஸ் வழியாகத் தெற்கே ஜெனீவா ஏரி. ஏரிக்கரையில் தொனோன்-லே-பான் என்ற ஊரில் ரூட் தே கிராந்த் ஆல்ப் என்ற மலைப்பாதை தொடங்குகிறது. கணவாய்க்குப் பின் கணவாயாக ஏறி இறங்கி, சுமார் 700 கிலோமீட்டர் தாண்டி, மத்தியதரைக் கடலோரத்தில் முடிகிறது. நாங்கள் போக நினைத்தது இத்தாலிய எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் மாந்தோன் கடற்கரைக்கு. உயரமான கணவாய்களில் பனி விலகி வழி திறப்பதற்கு ஜூன் ஆகிவிடும். அதனால் எங்களுக்கு வசந்தம் முழுவதும் பை பார்க்க நேரம் இருந்தது.

முதலில் அந்த 130 லிட்டரைப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. லிட்டர் என்றதும் தண்ணீர்தான் ஞாபகம் வரும். ஆனால் கார் கம்பெனிகள் டிக்கியில் தண்ணீர் ஊற்றி அளப்பதில்லை. 20 சென்டிமீட்டர் நீளம், 10 அகலம், 5 உயரம் உள்ள கட்டைகளை அடுக்குவார்கள். ஒரு கட்டை ஒரு லிட்டர். மூலை, பொந்து, சக்கரத்தின் மேல்வளைவுக்குப் பின்னாலிருக்கும் சந்து என்று எங்கெல்லாம் ஒரு கட்டை நுழைகிறதோ அங்கெல்லாம் ஒரு லிட்டர் எழுதிக்கொள்வார்கள். விமானத்தில் கையோடு கொண்டுபோகும் பெட்டி 55, 40, 20 சென்டிமீட்டர் என்றால் 44 லிட்டர். என் கணவர் உடனே பெருக்கிப் பார்த்தார். "மூணு பெட்டிக்கு 132. ரெண்டு லிட்டர்தான் இடிக்குது." காகிதத்தில் சரிதான். கட்டை நுழைந்த சந்தில் பெட்டி நுழையாது என்பதுதான் காகிதத்தில் இல்லை.

எம்எக்ஸ்-5 டிக்கி ஆழமானது, வாய் சின்னது. மூடி குட்டையாக இருப்பதால் பெட்டியைப் படுக்கவைத்து உள்ளே தள்ள முடியாது. மேலிருந்து சாய்த்து இறக்கி, உள்ளே போன பிறகு திருப்ப வேண்டும். உள்ளே உட்காரும் அளவு ஒன்று, வாயில் நுழையும் அளவு வேறொன்று. இரண்டுக்கும் பொருந்தும் பையைத்தான் வாங்க வேண்டும். வளைவான இடத்தில் அளவுநாடா உதவாது. அதனால் வீட்டுக்குப் பார்சல் வந்த அட்டைப்பெட்டிகளை எடுத்து, வெட்டி ஒட்டி, பையின் அளவில் மாதிரிப் பெட்டிகள் செய்தேன். ஒவ்வொன்றாக இறக்கி, மூடியை மெதுவாகச் சாத்திப் பார்த்து, இடித்தால் ஒரு பக்கத்தை வெட்டி மறுபடி ஒட்டினேன். வாசலில் இதைச் செய்துகொண்டிருந்ததைப் பார்த்து, பக்கத்து வீட்டுப் பாட்டி நாங்கள் வீடு மாறுகிறோமா என்று கேட்டார். சில மாலைகளுக்குப் பிறகு என் கணவரும் கத்தரிக்கோலோடு வந்து உட்கார்ந்தார். பெட்டிகளுக்கு எண் போட்டு ஒரு நோட்டில் எழுதிவைத்தது அவர்தான்.

கடைசியில் டிக்கி ஒத்துக்கொண்ட அட்டைப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பெட்டிக் கடைகளில் இப்போது சக்கரம் வைத்த கெட்டியான ட்ராலிகள்தான் வரிசையாக நிற்கின்றன. விமான நிலையத்தின் வழவழப்பான தரைக்கு அவை பொருத்தம். ஆனால் கீழே நான்கு சக்கரம் நீட்டிக்கொண்டிருக்கும், பின்பக்கத்தில் இழுப்புக் கைப்பிடியின் இரண்டு குழாய் உள்ளே ஓடும், ஓடு வளையாது. இவை மூன்றும் தின்பது போகத்தான் நமக்கு. விற்பனைப் பெண், "எட்டுச் சக்கரம் வைத்தது இருக்கிறது, லேசாக உருளும்" என்று காட்டினார். காரிலேயே நாலு சக்கரம் இருக்கிறது, அது போதும் என்றேன்.

வேறு வழிகளும் இல்லாமலில்லை. டிக்கி மூடியின் மேல் பொருத்தும் எஃகுச் சட்டம் ஒன்று விற்கிறார்கள். அறுபதுகளின் எம்ஜி, ட்ரையம்ஃப் கார்களின் முதுகில் குரோமிய மினுமினுப்போடு இருக்குமே, அதன் இன்றைய வடிவம். அதில் பெட்டியை வாரினால் கட்டிவிட்டால் இன்னொரு டிக்கி கிடைத்த மாதிரி. பார்க்கவும் அழகு. ஆனால் மழையில் நனையும், சாப்பிடப் போகும்போது பயமாக இருக்கும், பெட்டி உயரமாக இருந்தால் மூடியின் மேலிருக்கும் மூன்றாவது பிரேக் விளக்கை மறைக்கும். மலை இறக்கத்தில் நாம் பிரேக் போடுவது பின்னால் வருகிறவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

இன்னொரு வழி பணக்காரர்களுடையது. பெரிய கிராண்ட் டூரர் கார்களுக்கு டிக்கியின் வடிவத்தை ஒட்டியே தோல்பெட்டி தைத்துத் தருவார்கள். இத்தாலியில் மோதெனா நகரத்து ஸ்கெதோனி என்ற தோல் பட்டறை ஃபெராரி கார்களுக்கு இப்படிப் பெட்டி செய்து பெயர் வாங்கியது. 1992-ல் வெளியான மெக்லாரன் எஃப்1 காரில் ஓட்டுகிறவர் நடுவில், இரண்டு பக்கமும் இரண்டு பேர். எஞ்சின் பின்னால் நிற்பதால் மூட்டைக்கு இடமே இல்லை. ஆனாலும் அதை வடிவமைத்த கார்டன் மரே விடவில்லை. பின்சக்கரங்களுக்கு முன்னால், காரின் இரு விலாவிலும் பெட்டிக்கு இடம் ஒதுக்கி, அந்தப் பொந்துக்கேற்ற பைகளையும் காரோடு கொடுத்தார். உலகத்தின் அதிவேகக் கார் என்று பெயரெடுத்த வண்டிக்கே, மாற்றுத் துணி எங்கே வைப்பது என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எம்எக்ஸ்-5 காருக்கும் அளவெடுத்துத் தைத்த பைகள் கிடைக்கின்றன. நல்ல பைகள்தான். ஆனால் கார் மாறினால் அவற்றுக்கு வேலை போய்விடும். எனக்கு அந்த விலை மனசில் ஒட்டவில்லை.

அப்போதுதான் அப்பாவின் ஹோல்டால் ஞாபகம் வந்தது. நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போகும்போதெல்லாம், பச்சைக் கேன்வாஸில் தோல்வார் வைத்த அந்த மூட்டைக்குள் மெத்தை, தலையணை, போர்வை, துண்டு, அப்பாவின் செருப்பு எல்லாம் சுருண்டு போகும். மற்றவர்களின் ட்ரங்குப் பெட்டிகள் பெர்த்துக்கு அடியில் இடம் பிடித்த பிறகு, இருக்கிற சந்தில் அப்பா அதைக் காலால் ஒரு தள்ளு தள்ளுவார். போய்விடும். எலும்பில்லாத மூட்டைக்கு எந்த இடமும் இடம்தான்.

ஆகவே எலும்பில்லாத பைகள். அடியில் பலகை இல்லாத, சக்கரம் இல்லாத துணி டஃபல் பை இரண்டு, ஒவ்வொன்றும் சுமார் 30 லிட்டர். நீளவாக்கில் முழுவதும் திறக்கும் ஜிப் இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுத்தேன். பையை டிக்கியிலிருந்து தூக்காமலே ஒரு சட்டையை உருவிக்கொள்ளலாம். உள்துணி வெளிர் நிறமாக இருந்தால் இருட்டிலும் பொருள் தெரியும். அத்துடன் மலிவு விமானங்களில் இருக்கைக்கு அடியில் இலவசமாக வைக்க விடும் அளவுக்குள் அடங்கும் 20 லிட்டர் பை இரண்டு. இந்த அளவுக்கு ஐரோப்பா முழுக்கத் தேவை இருப்பதால் விலை குறைவு, ரகமும் ஏராளம். நான்கும் சேர்ந்து 100 லிட்டர். மீதி 30 லிட்டர் மூலைகளுக்கு. பெரிய பை ஒன்று கூடாது, சின்னது பல வேண்டும் என்பதே அட்டைப்பெட்டிகள் சொல்லிக்கொடுத்த பாடம். பெரிய பை தனக்கென்று ஓர் இடம் கேட்கும். சின்னது இருக்கிற இடத்தில் தங்கிக்கொள்ளும்.

மூலைகளில் என்ன வைப்பது? செருப்பு. ஒரு ஜோடி ஷூவுக்கு இடமில்லாத சந்தில் ஒற்றை ஷூவுக்கு இடம் இருக்கும். ஜோடியைப் பிரித்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றொன்றை வலப்பக்கமும் செருகினோம். கார் கம்பெனியின் அளவுக் கட்டைகள் போன வழியிலேயே செருப்பும் போனது.

காருக்கும் தனியாக மூட்டை உண்டு என்பது கணக்கில் அடுத்து வந்தது. பிரான்ஸில் ஓட்டும் காரில் எச்சரிக்கை முக்கோணம் இருக்க வேண்டும். ஒளிரும் மேல்சட்டை டிக்கியில் இருந்தால் செல்லாது. கீழே இறங்கும் முன் போட்டுக்கொள்ளும்படி உள்ளேயே எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இங்கிலாந்து இடப்பக்கம் ஓட்டும் நாடு, எனவே வலப்பக்கம் ஓட்டும் ஊரில் எதிரில் வருகிறவர் கண் கூசாதபடி விளக்கைச் சரிசெய்ய வேண்டும். பின்புறத்தில் யுகே என்ற ஸ்டிக்கர். 2021 செப்டம்பர் வரை ஜிபி என்று இருந்தது. இந்தக் காரில் ஸ்டெப்னி கிடையாது. ஓட்டையை அடைக்கும் பசையும் காற்றடிக்கும் சின்ன மோட்டாரும்தான். இருக்கிற 130 லிட்டரும் ஸ்டெப்னியை விட்டுக்கொடுத்த பிறகு கிடைத்ததுதான் என்பது அப்போதுதான் உறைத்தது.

உள்ளே இடம் இன்னும் குறைவு. பக்கத்து இருக்கைக்கு முன்னால் மற்றக் கார்களில் இருக்கும் அறை இதில் இல்லை. இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில், முதுகுப் பக்கம், பூட்டு வைத்த சின்னப் பெட்டி ஒன்று. பாஸ்போர்ட்டும் காரின் காகிதங்களும் அதில். கூரை திறந்த கார் கடைத்தெருவில் நிற்கும்போது உள்ளே இருப்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். துணிக்கூரையை மூடினாலும் ஒரு கத்தி போதும். அதனால் உள்ளே வைப்பது கையோடு எடுத்துக்கொண்டு போகக் கூடியதாக மட்டும் இருக்க வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டோம். கனமானவை டிக்கியின் அடியில், இருக்கைகளுக்குப் பக்கமாக. ஒரு டன் வண்டியில் இரண்டு பேரும் மூட்டையும் ஏறினாலே வளைவில் அதன் நடை மாறுவது ஸ்டியரிங்கில் தெரிகிறது.

இனி ரைஸ் குக்கர். "ரெண்டு வாரம் ரொட்டியும் சீஸும் தின்னுட்டு மலையேற என்னால ஆகாது" என்று கணவர் முடிவாகச் சொல்லிவிட்டார். வழியில் சமையலறை உள்ள வாடகை வீடுகளில்தான் பெரும்பாலும் தங்கப்போகிறோம், அங்கே பாத்திரம் இருக்கும் என்றேன். பாத்திரம் இருக்கும், குக்கர் இருக்காது என்றார். வெற்றுப் பாத்திரத்தை வெற்றாகக் கொண்டுவரக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டேன். குக்கருக்குள் அரிசி, இட்லிப்பொடி, பருப்புப்பொடி, மருந்துப் பை, அவருடைய காலுறைகள் எல்லாம் போயின. இங்கிலாந்து ஐரோப்பிய யூனியனை விட்ட பிறகு, 2021 முதல் இங்கிருந்து இறைச்சியும் பால் பொருளும் பயணிகள் அங்கே கொண்டுபோக முடியாது. நெய்ப் பாட்டில் வீட்டிலேயே நின்றது. தயிருக்குக் கவலையில்லை, பிரெஞ்சு சூப்பர் மார்க்கெட்டில் தயிருக்கென்றே ஒரு சுவர் இருக்கிறது.

துணியில்தான் நிஜமான பேரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6.5 டிகிரி குளிரும். பூர்-சேன்-மொரீஸ் ஊர் 800 மீட்டர் சொச்சம், அங்கிருந்து ஏறும் இசரான் கணவாய் 2,764 மீட்டர். ஆக ஒரே காலையில் 12 டிகிரி குறையும். கூரையைத் திறந்திருந்தால் காற்று வேறு. கடைசியில் மாந்தோன் கடற்கரை, ஜூலை வெயில். ஒவ்வொரு பருவத்துக்கும் ஓர் உடை என்று எடுத்தால் டிக்கி சிரிக்கும். மெல்லியதாகப் பலவற்றை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்வது ஒன்றே வழி. காற்றை உறிஞ்சித் துணியைப் பலகையாக்கும் பிளாஸ்டிக் உறைகளையும் பார்த்தேன். இடம் குறையும், எடை குறையாது. அதோடு துணி பலகையானால் பைக்கு மறுபடி எலும்பு முளைத்துவிடும். வேண்டாமென்று வைத்தேன்.

பாதையில் இறங்கிய பிறகு பைகள் தங்கள் குணத்தைக் காட்டின. ரீம்ஸில் ஓர் இரவுதான். 20 லிட்டர் பை ஒன்றில் இரவுத்துணி, பல் துலக்கும் சாமான், மறுநாள் சட்டை. அதை மட்டும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனோம். மற்றவை டிக்கியிலேயே தூங்கின. பக்கத்தில் பெரிய காரில் வந்த ஒரு குடும்பம் லிஃப்டுக்கும் காருக்கும் நடந்துகொண்டே இருந்தது. காலையில் அடுக்குவதற்கு ஒரே வரிசை: குக்கர், பெரிய பை, பெரிய பை, செருப்பு, சின்னது. கணவர் அதைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தார். வரிசை மாறினால் மூடி சாத்தாது. மழை பெய்யும்போது மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிக்கவும் முடியாது.

துணி குறைவாக இருந்ததால் வழியில் துவைத்தாக வேண்டும். பிரான்ஸில் சூப்பர் மார்க்கெட் வாசலிலேயே, பெட்ரோல் பங்குக்குப் பக்கத்தில், நாணயமோ கார்டோ போட்டுத் துவைக்கும் பெரிய இயந்திரங்கள் வெட்டவெளியில் நிற்கும். கலிபியே கணவாய் 2,642 மீட்டர் ஏறி இறங்கிய மறுநாள், பிரியான்சோனில் அப்படி ஓர் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தோம். மேலே, வோபன் என்ற பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் காலத்துக் கோட்டை. எங்களைப் போலவே துணி சுழல்வதைப் பார்த்துக்கொண்டிருந்த சைக்கிள்காரர் ஒருவர், இசுவார் கணவாயில் காலை எட்டு மணிக்குள் போனால் பாதை காலியாக இருக்கும் என்று சொன்னார். போனோம், காலியாக இருந்தது. டிக்கி பெரியதாக இருந்திருந்தால் அந்த மனிதரிடம் நாங்கள் பேசியிருக்க மாட்டோம்.

இசரான் உச்சியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கல்லால் கட்டிய சின்னத் தேவாலயத்தின் பக்கத்தில் நிறுத்தி, கம்பளிச் சட்டை எடுக்க டிக்கியைத் திறந்தால், குக்கர் மூடி தானாக எழும்பி நின்றது. உள்ளே பொடிப் பொட்டலங்கள் தலையணை மாதிரி உப்பியிருந்தன. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் நான்கில் மூன்று பங்குக்கும் குறைவு. இங்கிலாந்தில் அடைத்த காற்று அங்கே விரிந்துவிட்டது. ஒவ்வொரு லிட்டராகப் பார்த்துப் பார்த்து அடுக்கிய டிக்கியில் இட்லிப்பொடி தன்னிச்சையாக இடம் எடுத்துக்கொண்டதைப் பார்த்துக் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இது நம்ம கணக்குல வரவே இல்லையே!" பொட்டலத்தின் மூலையில் ஊசியால் ஒரு குத்து. இறக்கத்தில் எல்லாம் பழைய அளவுக்கு வந்தன.

மாந்தோன் எலுமிச்சைக்குப் பெயர் போன ஊர். அதற்குள் அரிசி பாதி தீர்ந்து, பொடியும் அடியைத் தொட்டிருந்தது. அந்த இடத்துக்கு எலுமிச்சம்பழமும் ஒரு பாட்டில் ஆலிவ் எண்ணெயும் சரியாக இருந்தன. அழகான பீங்கான் ஜாடி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன். வேண்டாமென்று முடிவு எடுத்தது நானில்லை, டிக்கி. அதனால் வருத்தமும் வரவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் இந்தியாவுக்கு, ஊருக்குப் போனபோது, இடத்துக்கு இருக்கும் வரம்புக்கும் எடைக்கு வைக்கும் வரம்புக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. விமானத்தில் ஆளுக்கு இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோ என்று அனுமதி. எடைபோடும் கருவியில் 22.8 காட்டினால், இன்னும் 200 கிராமுக்கு எதையாவது திணிக்கலாமே என்றுதான் கை போகிறது. எடைக்கு வைத்த வரம்பை நாங்கள் இலக்காக எடுத்துக்கொள்கிறோம். டிக்கியின் வாயிடம் அந்த வேலை செல்லாது. மூடி சாத்தினால் சாத்தும், இல்லாவிட்டால் இல்லை.

சமீபத்தில் என் சிநேகிதி ஒருத்தி போர்ஷ பாக்ஸ்டர் வாங்கியிருக்கிறாள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று அதற்கு இரண்டு டிக்கி. பின்னதன் பக்கத்திலேயே எஞ்சின், அதனால் அங்கே சாக்லேட் வைக்க முடியாது. ஸ்பெயினுக்குப் போகப் போகிறார்களாம், என்ன பை வாங்கலாம் என்று கேட்டாள். கம்பெனிப் பெயரை எதிர்பார்த்திருப்பாள். கத்தரிக்கோலும் அட்டைப்பெட்டியும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை வருகிறோம் என்றேன். கணவர் ஏற்கெனவே புது நோட்டு வாங்கி வைத்துவிட்டார்.